தரியா தௌலத்: சுவர் முழுக்க நம்ம ஊர்ச் சண்டை

மைசூர்ப் பயணம், புதன்கிழமை

நேற்று மைசூர் அரண்மனையில் அரண்மனையைவிட முன்னால் போனவரின் முதுகைத்தான் அதிகம் பார்த்தோம். அதனால் இன்றைக்குக் கூட்டம் குறைவான இடமாகப் போகலாம் என்று இவர் சொல்ல, அத்தையும் சரி என்றார். திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகை இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் இங்கிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம்தான். 2023இல் பெங்களூர் விரைவுச்சாலை திறந்த பிறகு கார்க்காரர்கள் பலர் ஊருக்குள் நுழையாமலேயே பறந்துவிடுகிறார்கள். நாங்கள் பஸ்.

பஸ்ஸில் ஒரு கூத்து. கர்நாடகத்தில் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் வந்ததும் ஆதார் அட்டையைக் கம்பீரமாக நீட்டினார். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "காஞ்சீபுரமா அம்மா?" என்று சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இலவசம் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான். "நம்ம ஊர்ல டவுன் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கியே வருஷக்கணக்காச்சு" என்று அத்தை முணுமுணுத்ததை நல்லவேளை அவர் கவனிக்கவில்லை.

காவிரிப் பாலம் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்து தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்தோம். பஸ்ஸில் வேறு யாரும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இருக்காது. மேலே கொஞ்ச தூரத்தில்தான் கிருஷ்ணராஜசாகர் அணை. அதன் 124.80 அடிக் கணக்கை மேட்டூரின் 120 அடியோடு சேர்த்தே மனப்பாடம் செய்து வளர்ந்தவர் இவர். பாறைகளுக்கு நடுவே பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. "பரவாயில்லை" என்றார். என்னவோ இவர்தான் திறந்துவிட்ட மாதிரி.

ஊர் ஒரு தீவு. காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி வந்து கிழக்குக் கோடியில் மறுபடியும் சேர்கிறது. மேற்குப் பக்கம் கோட்டை. அதற்குள் ரங்கநாதர் கோயில், அதுதான் ஆதிரங்கம். வழியில் சிவசமுத்திரத்தில் மத்தியரங்கம், கடைசியில் நம்ம ஸ்ரீரங்கம். மூன்று இடத்திலும் பெருமாள் காவிரித் தீவில்தான் படுத்திருக்கிறார். அத்தைக்கு இன்றைய பயணத்தின் நோக்கமே இதுதான், மற்றதெல்லாம் எங்களுக்காக. தரிசனம் சீக்கிரம் கிடைத்தது. பெரிய உருவம், மெல்லிய விளக்கொளி, துளசி வாசனை. அத்தைக்குத் திருப்தி. இனி மதியம் வரை எங்கே கூப்பிட்டாலும் வருவார்.

கோயிலுக்கு வடக்கே ஆற்றை ஒட்டி ஒரு பாதாளச் சிறை இருக்கிறது. கர்னல் பெய்லி சிறை என்று பலகை. படி இறங்கிப் போனால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வளைவுக் கூரை, சுவரில் பதித்த கற்பலகைகள். கைதிகளின் கையைச் சங்கிலியால் பிணைக்க அந்தக் கற்களில் ஓட்டை. முற்றுகையின்போது மேலே இருந்த பீரங்கி ஒன்று கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. இன்னமும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் வரிசையாக அந்த ஓட்டைக் கற்களின் முன்னால் கையைத் தூக்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் மாதம், கர்நாடகத்தில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் மஞ்சள் பஸ் நிற்கும். வாத்தியார் கன்னடத்தில் அதட்ட, பிள்ளைகள் எந்த மொழியிலும் கேட்காத மாதிரி ஓட, நாங்கள் மேலே ஏறி வந்துவிட்டோம்.

பெய்லி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாள் முழுக்க அவர் கூடவே வந்தார்.

கோட்டையிலிருந்து தரியா தௌலத்துக்கு ஆட்டோ. கோட்டையைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் இடது கைப் பக்கம். வாசலில் வெள்ளரிக்காயைப் பிளந்து மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே உள்ளே போகக்கூடாது என்று காவலாளி சொல்ல, வாசலிலேயே நின்று தின்று முடித்தோம்.

முதலில் தோட்டம்தான் கண்ணில் படுகிறது. அரண்மனை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வாசலிலிருந்து நேராக ஒரு நீண்ட பாதை, இரண்டு பக்கமும் புல்வெளி, கூம்பாக வளர்ந்து நிற்கும் மரங்கள். அந்தப் பாதையின் கடைசியில் பச்சைத் திரையால் மூடிய ஏதோ ஒன்று தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. "இதுவா அரண்மனை?" என்று அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. நேற்றுப் பார்த்த மைசூர் அரண்மனை 1912இல் கட்டி முடித்தது, தூரத்திலிருந்தே மிரட்டும். இது 1784இல் திப்பு சுல்தான் கட்டிய கோடைக்கால மாளிகை. தோட்டத்துக்காகத்தான் கட்டடம்.

நான்கு பாகமாகப் பிரித்து நடுவே நீர் ஓடவிடும் பாரசீகத் தோட்ட முறை. திப்புவின் அப்பா ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கிவைத்தவர். மகனுக்கு அந்தப் பைத்தியம் இன்னும் அதிகம். பிரான்ஸ் அரசர் 16ஆம் லூயியிடம் தூதர்களை அனுப்பியபோது படை உதவியோடு சேர்த்துத் தோட்டக்காரர்களையும் விதைகளையும் கேட்டிருக்கிறார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவை வரவழைத்து மைசூர் நாட்டில் பரப்பியதும் அவர்தான். இதைச் சொன்னதும் அத்தை முதல்முறையாகத் திப்புவின் மேல் அக்கறை காட்டினார். காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தத் தீவில் தோட்டங்களுக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. 1792இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை முற்றுகையிட்டபோது கிழக்குக் கோடியில் இருந்த லால்பாக்கின் (பெங்களூர் லால்பாக் இல்லை, இங்கேயும் அதே பெயரில் ஒன்று இருந்தது) சைப்ரஸ் மரங்களை வெட்டி, மறைப்புத் தட்டிகளும் மண் நிரப்பும் கூடைகளும் செய்தார்கள். இப்போது நாம் பார்க்கும் புல்வெளியும் பூச்செடியும் பின்னாள் பராமரிப்பு. அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் திப்புவின் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு நடந்தால், அது நினைப்பு மட்டும்தான்.

கிட்டப் போனதும் அந்தப் பச்சைத் திரைகளின் காரணம் புரிந்தது. நான்கு புறமும் அகலமான தாழ்வாரம், மேடையின் ஓரத்தில் வரிசையாக மரத்தூண்கள். தாழ்வாரத்துக்கு உட்புறச் சுவர் முழுக்க ஓவியம். வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று தூண்களுக்கு வெளியே திரை கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழக வேண்டும். பழகிய பிறகு, வெற்றுச் சுவர் என்று ஒரு சாண் இடம்கூட இல்லை. தூண், வளைவு, கதவின் மேல்புறம், கூரை என்று எங்கே பார்த்தாலும் கொடியும் பூவும். பெரும்பாலும் தேக்கு. கல் கட்டடம் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு அரண்மனை இவ்வளவு மரமாக இருப்பது ஆச்சரியம்தான்.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் நான் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும்.

மேற்குச் சுவர். நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். வாசலுக்கு ஒரு பக்கம் ஹைதரும் திப்புவும் படையோடு ஊர்வலம் போகிறார்கள். யானை, குதிரை, கொடி, அடுக்கடுக்காகச் சிப்பாய்கள், எல்லோரும் பக்கவாட்டு முகம். "புடவை பார்டர் மாதிரி இருக்கே" என்றார் அத்தை. மறுபக்கம், சுமார் முப்பது அடி நீளத்துக்குப் போர். பலகையில் 'பொள்ளிலூர்' என்பது போல ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு வழிகாட்டி வேறொரு குடும்பத்துக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். "இது உங்க காஞ்சிபுரம் பக்கத்துல நடந்த சண்டை சார்."

அத்தை திரும்பினார். "எந்த ஊரு?"

"புள்ளலூரும்மா."

"நம்ம புள்ளலூரா?"

அத்தை பிறந்தது புள்ளலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமம். அந்த ஊர் வயல்வெளியில் இரண்டு உயரமான கூர்த்தூண்கள் நிற்கின்றன. சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு போய் அதன் நிழலில் உட்காருவார்களாம், 'வெள்ளைக்காரன் சமாதி' என்பார்களாம். அதைப் பற்றி வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கேட்கவும் தோன்றவில்லை என்றார்.

கதை இதுதான். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு கணவாய் இறங்கி ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் வந்தார். ஆங்கிலேயர் பக்கம் ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் காத்திருந்தார். வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவரோடு சேர வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். தண்ணீர் இல்லை, அன்றே தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்துவிட்டார். ராத்திரி ஆற்றில் வெள்ளம். பத்து நாள் போல அங்கேயே மாட்டிக்கொண்டார். அத்தை இந்த இடத்தில் தலையை ஆட்டினார். "அந்த ஆறு அப்படித்தான். வரும்போது சொல்லிக்கிட்டா வரும்?"

வெள்ளம் வடிந்து தாண்டி வருவதற்குள் திப்பு வழிமறித்துவிட்டார். மன்ரோ தன் படையிலிருந்து ஒரு பகுதியை உதவிக்கு அனுப்பினார். தான் மட்டும் காஞ்சிபுரத்தைவிட்டு நகரவில்லை. செப்டம்பர் 10 காலை, புள்ளலூரில் ஹைதரின் முழுப்படையும் வந்து சூழ்ந்துகொண்டது. சண்டையின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மைசூர்க்காரர்களின் இரும்புக்குழாய் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதோடு எல்லாம் முடிந்தது. பெய்லி கைதானார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த மன்ரோ, காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் கனமான பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பிவிட்டார். இந்தியாவில் அதுவரை கம்பெனிப் படை வாங்கிய அடிகளில் இதுதான் பெரியது என்பார்கள்.

இத்தனையும் அந்தச் சுவரில் இருக்கிறது. நடுவே செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக நின்று நான்கு பக்கமும் துப்பாக்கி நீட்டுகிறார்கள். சதுரத்துக்குள் பல்லக்கில் அடிபட்ட பெய்லி, விரல் வாயருகே. திகைப்பைக் காட்ட நம் பக்கத்து ஓவியர்கள் போடும் பழைய அடையாளம் அது. சதுரத்தின் மேலே வெடிமருந்து வண்டி வெடித்துத் தீ பொங்குகிறது. பிரெஞ்சு அதிகாரி லாலி தூரக்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். மைசூர்க் குதிரைப்படை இரண்டு பக்கமும் பாய்கிறது, அறுபட்ட தலைகள் கீழே உருள்கின்றன. இந்த அமர்க்களத்துக்கு நடுவில் திப்பு என்ன செய்கிறார்? கையில் ஒரு ரோஜாப்பூ, முகர்ந்துகொண்டிருக்கிறார். தோட்டத்துக்குள் கட்டிய மாளிகைக்குப் பொருத்தமான ராஜாதான்.

நிஜாம் படை தாமதமாக வந்து சேருவதையும் ஒரு மூலையில் நையாண்டியாக வரைந்திருக்கிறார்கள். மைசூர், ஹைதராபாத், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று எல்லோரும் ஆஜர். புள்ளலூர்க்காரர் மட்டும் ஒருவர்கூட இல்லை. ஒரு வரப்பு, ஒரு ஏற்றம், ஒரு பனைமரம் என்று தேடிப் பார்த்தேன். அந்த வருஷம் ஹைதரின் குதிரைப்படை கொளுத்திய கிராமங்களின் புகை சென்னையிலிருந்தே தெரிந்ததாம். அரண்மனைச் சுவரில் யார் அதை வரையச் சொல்வார்கள்? நம் ஊரில் எதையாவது பழசு என்று சொல்ல 'ஐதர் காலத்து' என்கிறோமே, அந்தக் காலத்தில் நம்மவர்கள் எப்படி ஓடினார்கள், எங்கே ஒளிந்தார்கள் என்பதற்கு முப்பது அடிச் சுவர் எங்கேயும் இல்லை.

அத்தையின் கூர்த்தூண்கள் இந்தச் சண்டையினுடையவை அல்ல. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1781 ஆகஸ்ட் 27இல், அதே வயல்களில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படைக்கும் ஹைதருக்கும் மறுபடி மோதல். அதில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்காக வைத்தவை. முதல் சண்டையில் தோற்றவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர்களுடைய படம் இங்கே, ஜெயித்தவர் வீட்டில்.

அந்தப் படம் பிழைத்த கதை இன்னும் விசித்திரம். 1799 முற்றுகைக்கு முன்பே ஓவியம் சிதைந்துபோயிருந்தது. மே 4 அன்று கோட்டை விழுந்து திப்பு இறந்த பிறகு, ஊருக்குப் பொறுப்பாக வந்தவர் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அவரேதான். தங்குவதற்கு இந்த மாளிகையை எடுத்துக்கொண்டார், ஓவியத்தையும் சரிசெய்யச் சொன்னார். தன் கம்பெனி தோற்று ஓடிய காட்சியைத் தன் கைக்காசோ கம்பெனிக் காசோ போட்டு மனுஷன் புதுப்பித்திருக்கிறார்! அதற்கப்புறம் யாரோ மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். 1854இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்து பார்த்து, பழைய ஓவியம் ஞாபகத்தில் இருந்த ஒரு இந்திய ஓவியரைக் கொண்டு திரும்ப வரையச் செய்தார். ஆக, நாம் இன்று பார்ப்பது ஞாபகத்திலிருந்து எழுந்த படம். ரோஜாப்பூ முதலிலேயே இருந்ததா, இடையில் முளைத்ததா, யார் கண்டார்? ஜெயித்தவருக்குத்தான் தோல்வியின் படத்தை ரசிக்க முடியும் என்று இவர் சொன்னார். எனக்கு அது பாதிதான் சரி என்று பட்டது. வெல்லஸ்லிக்கு வெறும் படம் பிடித்துப்போயிருக்கலாம்.

இதில் ஒரு மனிதருக்கு மட்டும் வயிறு எரிந்திருக்கும். டேவிட் பெய்ர்ட். அந்தச் செஞ்சட்டைச் சதுரத்தில் நிஜமாகவே நின்றவர். புள்ளலூரில் பிடிபட்டு, 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையில் கிடந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியால் கட்டுகிறார்கள் என்ற செய்தி ஸ்காட்லாந்துக்குப் போனபோது அவருடைய அம்மா, "எங்க டேவியோடு கட்டப்பட்டவன் பாவம்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். அதே பெய்ர்ட்தான் 1799இல் கோட்டைமீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார். ஜெயித்த மறுநாளே ஊரை வெல்லஸ்லியிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. வெல்லஸ்லியின் அண்ணன்தான் அப்போது கவர்னர் ஜெனரல். சண்டை போட்டவருக்குக் கைகுலுக்கல், தம்பிக்குத் தோட்ட மாளிகை.

இந்தச் சுவரின் சண்டைக்காட்சியைக் காகிதத்தில் வரைந்த பழைய பிரதி ஒன்று 2022இல் லண்டனில் ஏலம் போனது. விலை 6,30,000 பவுண்டு. காகிதத்துக்கே அந்த விலை என்றால், இந்தச் சுவர்?

கிழக்குச் சுவருக்கு இவ்வளவு கூட்டம் இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களாக ராஜாக்களின் தர்பார். தஞ்சாவூர் ராஜா இருக்கிறார், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா இருக்கிறார், காசி ராஜா, சித்ரதுர்க்கத்து மதகரி நாயக்கர், மாகடி கெம்பேகௌடா எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும்! திப்பு செத்த பிறகு ஐந்து வயதில் சிம்மாசனத்தில் ஏற்றப்பட்ட பிள்ளை அவர். திப்பு கட்டிய சுவரில் அவர் எப்படி வந்தார் என்பதற்கு டல்ஹௌசி காலத்துத் தூரிகையைத்தான் கேட்க வேண்டும்.

மாளிகையின் உள்ளே கண்காட்சி. 1959இலிருந்து திப்பு சுல்தான் அருங்காட்சியகமாக நடக்கிறது. நாணயம், துணி, ஆயுதம், அச்சோவியங்கள் என்று வழக்கமான சரக்கு, வேகமாகவே பார்த்தோம். நின்று பார்க்கவேண்டியது தாமஸ் ஹிக்கி வரைந்த கோட்டோவியங்கள். 1799க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளையும் அதிகாரிகளையும் உட்காரவைத்து வரைந்தவை. தலைப்பாகையும் கழுத்து நகையும் லேசான கோட்டில், முகம் மட்டும் அழுத்தமாக. தகப்பனைக் கொன்றவர்களின் ஓவியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளைகளைத்தான் அப்புறம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்தில் திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை ராஜா என்று அறிவித்ததும், கலகம் அடங்கியதும் குடும்பத்தையே கல்கத்தாவுக்கு ஏற்றியனுப்பியதும் வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை.

கோட்டை விழுந்த காட்சியை ராபர்ட் கெர் போர்ட்டர் வரைந்ததும் இங்கே இருக்கிறது. அந்த மனிதர் இந்தப் பக்கமே வந்ததில்லை. போரிலிருந்து திரும்பியவர்களிடம் கேட்டு லண்டனில் உட்கார்ந்து, ஆறு வாரத்தில் 120 அடி நீளத்துக்குத் திரைச்சீலையில் வரைந்து காசு வாங்கிக் காட்டியிருக்கிறார். கூட்டம் அலைமோதியதாம். மூலம் பிறகு தீயில் போய்விட்டது, அச்சுப் பிரதிகள்தான் உலகம் சுற்றுகின்றன. புகை, வெள்ளைக் குதிரை, தூக்கிய வாள், எல்லாமே நாடக மேடை. வெளியே மேற்குச் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து இதைப் பார்த்தால் ஒரு கணக்குத் தீர்ப்பது தெரிகிறது. அவன் முப்பது அடி வரைந்தால் நான் நூற்றிருபது.

இங்கே இல்லாததைப் பற்றியும் ஒரு வரி. வெள்ளைக்காரச் சிப்பாயின்மேல் பாய்ந்து கடிக்கும் மரப்புலி, கைப்பிடியைச் சுற்றினால் உறுமும் அந்தப் பொம்மை, 1799இல் கைப்பற்றப்பட்டுக் கப்பலேறியது, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்த ஹெக்டர் மன்ரோவின் மகன் 1792இல் வங்காளத்துச் சாகர் தீவில் புலி அடித்துச் செத்தான். அதைக் கேட்டுத்தான் திப்பு இதைச் செய்யவைத்தார் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பொம்மை இந்தத் தாழ்வாரத்தில் இருந்திருந்தால் பெய்லியின் பல்லக்குக்கு எதிரே வைத்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அத்தை மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் உள்ளே சாப்பிட முடியாது, அதனால் வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழல். அப்புறம் கரும்புச் சாறு. மண்டியா மாவட்டம், கரும்புக்குப் பஞ்சமே இல்லை. இஞ்சியும் எலுமிச்சையும் நசுக்கிப் போட்டுத் தருகிறார்கள். ஐஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து கும்பஸ். ஹைதர், அவர் மனைவி, திப்பு மூவரின் சமாதி. வெளியே 36 கறுப்புக் கல் தூண்கள், வழவழவென்று முகம் தெரிகிற மெருகு. தந்தம் பதித்த கதவுகள் டல்ஹௌசி கொடுத்தவை. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் அந்த மனிதர் பெயர் வருகிறது. உள்சுவரில் புலிவரி. தலைக்குத் துணி போட்டுக்கொண்டு அத்தையும் உள்ளே வந்தார், கைகூப்பினார், வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டார்.

பக்கத்திலேயே பெய்லிக்கு ஒரு நினைவு மண்டபம். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் ஆட்டோவில் கடந்துபோகிறார்கள். புள்ளலூரில் பிடிபட்டவர் 1782 நவம்பரில் இந்த ஊர்ச் சிறையிலேயே செத்துப்போனார். 1816இல், லக்னோவில் அதிகாரியாக இருந்த அவருடைய சொந்தக்காரர் ஜான் பெய்லி கட்டியது. காலையில் அவருடைய சிறை, மதியம் பல்லக்கு, சாயங்காலம் இது. "ஒரு ராத்திரி முன்னாடி ஆத்தைத் தாண்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்று அத்தை அந்தக் கர்னலுக்கு ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டார்.

சங்கமத்துக்கும் போனோம். இரண்டு காவிரியும் சேரும் இடம், பரிசல், சாமி கும்பிடுபவர்கள், வழுக்கும் படிகள். பரிசலுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: கோட்டையை முதலில் முடித்துவிட்டு வெயில் ஏறும்போது தரியா தௌலத்துக்கு வாருங்கள், தாழ்வாரம் குளுகுளுவென்று இருக்கும். மேற்குச் சுவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ் பேசும் வழிகாட்டிகள் கிடைக்கிறார்கள், காசை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கும் அதே விதி.

நாளைக்குச் சோமநாதபுரம். நேரடி பஸ் குறைவு, பன்னூரில் மாற வேண்டும் என்கிறார்கள். அத்தை ஆதாரை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.